முகூர்த்த நாளில் விழுந்த மாடுகள்

அத்தியாயம் 6

செத்த மாட்டைப் பார்ப்பதைவிட, சாகப்போகிற மாட்டைப் பார்ப்பதுதான் ஆக்னஸுக்குக் கஷ்டமாக இருந்தது.

கள்ளிக்குப்பத்தில், கன்னியம்மாளின் கொட்டகையில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாலு மாடுகள் படுத்துக் கிடந்தன. கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் போட்டு, கண்கள் உள்ளே போய், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு. இடது வயிறு மட்டும் உப்பி நின்றது. பதினைந்து நாளில் ஏற்கெனவே இரண்டு போய்ச் சேர்ந்துவிட்டன.

“சார், நமக்கு வர்ற கேஸெல்லாம் பாருங்க. போன மாசம் காணாம போன இன்வெர்ட்டர். இந்த மாசம் மாடு. அடுத்த மாசம் கோழி முட்டைக்கு அப்பன் யாருன்னு கண்டுபுடிக்கச் சொல்வாங்க” என்றாள் ஆக்னஸ், மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு.

பார்த்தசாரதி மாட்டுத் தீனித் தொட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டினார். பதினெட்டு வருஷமாக ஆட்டோ ஓட்டும் ஆக்னஸுக்கு முதலில் அவர் சவாரி; பிறகு அவள் அவருக்கு உதவியாளர்.

இந்த வழக்கில் அவர்களைக் கூப்பிட்டது மாட்டுக்காரி இல்லை. பக்கத்து அடுக்குமாடியில் முதல் தளத்தில் குடியிருக்கும் சித்ரா. சாண நாற்றம் தாங்காமல் ஒரு நாள் பால்கனியில் நின்று, “இந்த மாடெல்லாம் ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி” என்று கத்தித் தொலைத்தாள். மறுவாரமே மாடுகள் சாக ஆரம்பித்தன. நேற்று இரவு அவள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் கல் விழுந்தது. தெருவே அவளை விஷக்காரி என்கிறது. “நான் வைக்கலைன்னு எப்படியாவது நிரூபிங்க சார்” என்று காலையில் போனில் அழுதாள்.

“கன்னியம்மா, தொட்டியை நீங்க கழுவினீங்களா?” என்று கேட்டார் பார்த்தசாரதி.

“நான் எங்க கழுவறது? நேத்து மூணு மணிக்குப் பால் ஊத்தப் போனவ, அஞ்சு மணிக்கு வந்து பாக்கறேன், தொட்டி பளபளன்னு கீது. மாடுதான் நக்கிச்சோன்னு நெனச்சேன்.” ஐம்பத்தெட்டு வயசு கன்னியம்மாளுக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. அழுது முடித்துவிட்ட குரல்.

“விஷம் வெச்சவன் பாத்திரமும் கழுவி வெச்சுட்டுப் போறானா? நம்ம ஊட்டுக்கு அனுப்புங்க சார் அவன” என்றாள் ஆக்னஸ்.

படுத்திருந்த செவலை மாட்டின் வாய்க்குள் குழாயை விட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். கால்நடை டாக்டர் கிருஷ்ணப்பிரியா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து மூன்று மாதம்.

“விஷம் இல்ல. இங்க வந்து பாருங்க.”

குழாய் வழியே வாளியில் வந்து விழுந்தது சாம்பல் நிறக் கூழ். புளித்த மாவின் வாடை குப்பென்று அடித்தது. டாக்டர் அதில் புளிப்பு பார்க்கும் காகிதப் பட்டை ஒன்றை முக்கி எடுத்தாள்.

“புளிச்சுப் போச்சு. முழுக்கச் சோறு. மாட்டு வயித்துக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கு சார். புல்லையும் வைக்கோலையும் மாட்டுக்குச் செரிச்சுக் கொடுக்கறதே அதுங்கதான். திடீர்னு ஒரு கூடை சோத்தைக் கொட்டினா, புல்லைச் செரிக்கிற கூட்டம் செத்துப்போயிடும், புளிக்க வைக்கிற கூட்டம் பெருகிடும். வயிறே அமிலமாயிடும். அப்புறம் ரத்தமும் கெடும்.”

“நாங்கதான் காலங்காலமா சோறு, கஞ்சி, கழுநீர் எல்லாம் ஊத்தறோமே. ஒண்ணும் ஆனதில்லையே” என்றாள் கன்னியம்மாள்.

“ஒரு கை சோறு வேறம்மா. கூடை வேற.”

ஆக்னஸ் குனிந்து வாளியை ஒரு குச்சியால் கிளறினாள். ஒரு கிராம்பு. பாதி முந்திரிப் பருப்பு. இன்னொரு கிராம்பு.

“நம்ம ஊட்டுச் சோத்துல தேடினாலும் முந்திரி கெடைக்காது. இந்த மாடு இன்னாடான்னா வெஜிடபிள் பிரியாணி சாப்ட்டுக் கீது!”

பார்த்தசாரதி சட்டென்று திரும்பிச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். “முதல் மாடு என்னிக்குச் செத்தது?”

“ரெண்டு வாரம் முன்ன, திங்கக்கிழமை.”

“ரெண்டாவது?”

“போன வியாழக்கிழமை.”

அவர் காலண்டரின் பின்பக்க அட்டையில் அச்சடித்திருந்த பட்டியலில் விரலை ஓட்டினார். “ஞாயிறு, முகூர்த்தம். புதன், முகூர்த்தம். நேத்து ஞாயிறு, மறுபடி முகூர்த்தம். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மறுநாள் இங்க மாடு விழுது.”

“நல்ல நாள் பாத்து சாவடிக்கிறான் சார். பக்திமான்.”

கொட்டகை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் ரெக்ஸின் பையோடு ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நுழைந்தார். நெற்றியில் குங்குமம், பணிவான சிரிப்பு. “அக்கா, மறுபடியுமா?” என்றபடி இரண்டு மாட்டு வரிசைகளுக்கும் நடுவே உள்ள வழியில் வராமல், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தார். சேறும் சாணியுமாகக் கிடக்கும் பின்பக்கம் வழியாக ஏன் வருகிறார் என்று ஆக்னஸுக்கு ஒரு கணம் தோன்றியது. பெரியவர், நடுவே நுழைந்து தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

“இவர் ஆனந்தன். டாக்டரம்மா வர்றவரைக்கும் இருவது வருஷமா நம்ம தெரு மாட்டுக்கெல்லாம் ஊசி, மருந்து இவருதான். செத்த ரெண்டையும் மறுநாள் விடியறதுக்குள்ள வண்டி வெச்சு ஏத்தி அனுப்பினதும் இவருதான். இல்லன்னா நான் ஒருத்தி இன்னா பண்ணியிருப்பேன்?” என்றாள் கன்னியம்மாள்.

ஆனந்தன் படுத்திருந்த மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்தார். “காது ஜில்லுன்னு கீது. அக்கா, நான் அன்னைக்கே சொன்னேன். பழக்கமில்லாத தீனி போடாதீங்கன்னு. டாக்டரம்மா பேச்சைக் கேட்டுத் தண்ணித் தொட்டியில அந்தப் பச்சைப் பாசி வளத்துப் போட்டீங்க.”

“அது அசோலா. நல்ல புரதம். அதனால ஒரு மாடும் சாகாது” என்றாள் கிருஷ்ணப்பிரியா. முகம் சிவந்துவிட்டது.

“படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. ஆனா நீங்க வந்தப்புறம்தான மாடு சாவுது?” குரலில் கடுமையே இல்லை. அதனாலேயே அது நன்றாகத் தைத்தது.

பார்த்தசாரதி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கன்னியம்மாளிடம் கேட்டார்: “மொத்தம் பத்து மாடு. எல்லாத்துக்கும் பாசி போட்டீங்களா?”

“பத்துக்குந்தான்.”

“எங்க தொழிற்சாலையில ஒரே இரும்புல பத்து பீஸ் செஞ்சு, அதுல சிலது மட்டும் உடைஞ்சா, இரும்பைக் குறை சொல்ல மாட்டோம். வீட்டுப் பக்க வரிசையில மூணு மாடும் நல்லா இருக்கு. தெருப் பக்க வரிசையில ஏழு. ரெண்டு செத்தாச்சு, நாலு படுத்தாச்சு. ஆனா…” வரிசையின் நடுவில் நின்ற ஒரு கறுப்பு மாட்டைக் காட்டினார். இருபுறமும் மாடுகள் சாய்ந்து கிடக்க, அது மட்டும் நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. “இது ஏன் நிக்குது?”

“அது ராணி. அதுக்கு இன்னா கேடு, நல்லாத்தான் கீது” என்றாள் கன்னியம்மாள்.

“கல்யாண வீட்டு மிச்சச் சோறு இங்க எப்படி வந்துச்சுன்னு முதல்ல பாப்போம். கிளம்பு, ஆக்னஸ்” என்றார் பார்த்தசாரதி.

பதினோரு மணிக்குள் ஆக்னஸின் ஆட்டோ மூன்று கல்யாண மண்டபங்களைப் பார்த்துவிட்டது. முதல் இரண்டில் மிச்சச் சாப்பாடு முதியோர் இல்லத்துக்குப் போகிறது. மூன்றாவது, பாடி மேம்பாலத்தைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த மண்டபம். அதன் காவலாளி அமல்ராஜ், ஆக்னஸ் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு தாராளமாகப் பேசினார்.

“முன்ன பன்னிப் பண்ணைக்காரர் எடுப்பாருங்க. இந்த மாசம் வேற ஒருத்தரு வர்றாரு. மொபெட்டுல. ஹெல்மெட்டு கழட்டவே மாட்டாரு. கள்ளிக்குப்பம் மாட்டாஸ்பத்திரியில டாக்டரம்மா அனுப்பினாங்க, மாட்டுக்குச் சோறு குடுத்து ஆராய்ச்சி பண்றாங்கன்னாரு. நேத்தும் மூணு கூடை எடுத்துகினு போனாரு.”

ஆக்னஸ் பார்த்தசாரதியை ஓரமாக இழுத்தாள்.

“சார்! அந்தப் பொண்ணுதான்! வயித்துக்குள்ள இன்னா நடக்குதுன்னு பாடம் எடுத்துச்சே, அப்பவே எனக்கு டவுட்டு. அதுக்குத்தான் எவ்ளோ போட்டா சாவும்னு தெரியும். இப்ப நாலு மாடும் அது கையில கீது சார். நாமே ஒப்படைச்சுட்டு வந்துகீறோம்!”

பார்த்தசாரதி அவள் பேச்சைக் காதில் வாங்காதவர் போல, சமையல்கட்டு ஓரமாக அடுக்கியிருந்த அலுமினிய அன்னக்கூடைகளுக்குப் போனார். ஒரு கூடையை எடுத்துத் திருப்பினார். பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம்.

“இது எப்ப நசுங்கினது?”

“அதாங்க, அந்த ஹெல்மெட்டுக்காரரு எடுத்துகினு போனதுதான். போறப்ப நல்லா இருந்துச்சு. திரும்பி வர்றப்ப இப்படி. கேட்டா, வண்டி சாஞ்சுடுச்சுன்னாரு.”

“வண்டி சாஞ்சா கீறல் விழும். இதுல ஒரு கீறல் இல்ல.” பார்த்தசாரதி பள்ளத்துக்குள் கை வைத்துப் பார்த்தார். முதல் தடவையாக அன்று அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. “ஆக்னஸ், ராணி ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தக் கூடையை வாங்கிக்க. சாயங்காலம் திருப்பித் தரலாம்.”

“இன்னான்னு சொல்லுங்க சார்.”

“வண்டியை எடு. போற வழியில கன்னியம்மாகிட்ட போன்ல ஒரு கேள்வி கேக்கணும்.”

கேட்டார். பாடி மேம்பாலத்தின் இரைச்சலில் ஆக்னஸுக்குப் பாதி கேள்விகூடக் காதில் விழவில்லை. பதிலுக்கு அவர் “ம்” என்றது மட்டும் கேட்டது. அந்தப் பெண் டாக்டர் இப்போது எந்த மாட்டின் வாயில் எதை ஊற்றிக்கொண்டிருக்கிறாளோ என்ற சந்தேகத்தில் ஆக்னஸ் ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

அவள் பயந்ததுபோலவே கொட்டகை வாசலில் கூட்டம் நின்றது. இருபது பேராவது இருப்பார்கள். நடுவில் சித்ரா, அழுத முகத்தோடு. இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். இன்னொரு பக்கம் கிருஷ்ணப்பிரியாவின் கையிலிருந்த வாளியை ஒருவன் பிடுங்கப் பார்த்தான்.

“எதையோ வெள்ளையா கரைச்சு ஊத்துது இந்தப் பொண்ணு. கேட்டா சொல்ல மாட்டேங்குது” என்றான் அவன்.

“ஆப்ப சோடாங்க! புளிப்பை முறிக்க. நாலு தடவை சொல்லிட்டேன்!”

ஆனந்தன் கூட்டத்துக்கு நடுவே கையெடுத்துக் கும்பிட்டு நின்றார். “அடிக்காதீங்கப்பா. பொம்பளப் புள்ளைங்க. போலீஸ் பாத்துக்கும்.”

பார்த்தசாரதி ஆட்டோவிலிருந்து அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதில் இரண்டு பிடி புல்லைப் போட்டார்.

“போலீஸுக்குச் சொல்லிட்டேன், வந்துகிட்டு இருக்காங்க. அதுக்குள்ள ஒரு சின்ன வேலை. இங்க இருக்கறவங்க ஒவ்வொருத்தரா இந்தக் கூடையை ராணிக்கு வைங்க. அவ்வளவுதான். முதல்ல சித்ரா.”

“நானா? எனக்கு மாடுன்னாலே பயம் சார்.”

“போங்கம்மா.”

சித்ரா மூக்கைப் பொத்திக்கொண்டு, கூடையைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு போனாள். ராணி புல்லைத் தின்றுவிட்டு அவள் முழங்கையையும் ஒரு நக்கு நக்கியது. “ஐயோ!” என்று அவள் அலறியதில் கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

அடுத்தது டாக்டர். ராணி ஒரு அடி பின்வாங்கியது. கண்ணை உருட்டியது. ஆக்னஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் டாக்டர் நின்ற இடத்திலேயே நிற்க, அது மெல்லக் கழுத்தை நீட்டிக் கூடையில் வாய் வைத்தது.

“ஆனந்தன், நீங்க” என்றார் பார்த்தசாரதி.

“எனக்கெதுக்கு சார்? நான் இதுங்களோட பொழங்கறவன். எனக்கு நாலு மாட்டுக்கு மருந்து…”

“அவங்க ரெண்டு பேரும் வெச்சாச்சு. ஒரு நிமிஷ வேலை.”

இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தன் சிரித்தபடி கூடையை வாங்கினார். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகத் திரும்பியவரை, “அப்படி இல்ல, நேரா” என்றார் பார்த்தசாரதி. மனுஷன் நேராகப் போனார். மூன்றடி. நாலாவது அடி.

ராணி தலையைத் தாழ்த்தியதை ஆக்னஸ் பார்த்தாள். அடுத்த நொடி கயிறு விண்ணென்று இழுபட்டது. டணாரென்று கூடையில் ஒரு முட்டு. கூடை ஒரு பக்கம், ஆனந்தன் ஒரு பக்கம், சாணிக்குள் மல்லாக்க விழுந்தார். குங்குமம் கலைந்து, பணிவு கலைந்து, கை ஊன்றி எழப் பார்த்தவர் வாயில் வந்தது அவரையறியாமல் வந்தது.

“சனியனே! அன்னைக்கும் இப்படித்தான் கூடையோட சாச்சுது என்னை!”

படுத்திருந்த மாடுகள் பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“எந்தக் கூடை, ஆனந்தன்? என்னைக்கு?” என்று கேட்டார் பார்த்தசாரதி.

ஆனந்தன் கையிலிருந்த சாணியை வேட்டியில் துடைக்க ஆரம்பித்தார்.

“ராணி கன்னுக்குட்டியா இருக்கறப்ப நீங்க போட்ட ஊசி சீழ் வெச்சு, ரெண்டு மாசம் நடக்க முடியாம கிடந்திருக்கு. அதுலருந்து ஊர்ல உங்க ஒருத்தரை மட்டும் கண்டா முட்டும்னு கன்னியம்மா போன்ல சொன்னாங்க. காலையில நீங்க சாணிக்குள்ள சுத்திக்கிட்டு வந்ததும் அதுக்குத்தான். அதனாலதான் ஏழு மாட்டுல ஆறுக்குச் சோறு போச்சு, நடுவுல இருக்கற ஒண்ணுக்கு மட்டும் போகல. டாக்டர் பேரைச் சொல்லி மண்டபத்துல சோறு வாங்கினீங்க. தொட்டியைக் கழுவினீங்க. செத்த மாட்டை யாராவது அறுத்துப் பார்த்தா சோறு தெரிஞ்சுடும்னு, விடியறதுக்குள்ள ஏத்தி அனுப்பினீங்க.”

ஆக்னஸ் கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. “மன்னிச்சுக்கம்மா, வழியெல்லாம் உன்னத்தான் திட்டிகினு வந்தேன்” என்றாள். டாக்டருக்கு அது புரியவே இல்லை.

ஆனந்தன் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “இருவது வருஷம். வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நீந்தி வந்து இதே கொட்டாயில கன்னு இழுத்துப் போட்டேன். இந்தப் பொண்ணு வந்துச்சு. ஒரே ஒரு மீட்டிங். எல்லாரும் பாக்க என் மருந்துப் பொட்டலத்தப் பிரிச்சுத் தண்ணியில கொட்டி, இது வெறும் சுண்ணாம்பு மாவுன்னு காட்டிச்சு. அன்னையிலருந்து ஒருத்தரும் என்னக் கூப்பிடல. வழியில பாத்தாக்கூட முகத்தத் திருப்பிகினு போறாங்க. ரெண்டு மாடு படுக்கும், பாசியாலன்னு சொல்லலாம், நானே எழுப்பி வெச்சா நம்புவாங்கன்னு… சாவும்னு நெனைக்கல அக்கா.”

“முதல் மாடு செத்தப்புறம் இன்னும் ரெண்டு தடவை கூடை தூக்கியிருக்கீங்க” என்றார் பார்த்தசாரதி.



வாளியைப் பிடுங்கப் பார்த்தவன் இப்போது ஆனந்தனின் சட்டையைப் பிடித்தான். கன்னியம்மாள் குறுக்கே வந்தாள். அடிப்பாளோ என்று ஆக்னஸ் நினைத்தாள். கன்னியம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டு, ஆனந்தனைப் பார்த்துச் செவலைப் பக்கம் கை காட்டினாள்.

“எழுந்திரு. அதும் தலையப் புடி.”

“அக்கா…”

“அந்தப் பொண்ணு காலையிலருந்து தனியா போராடுது. மாடு வாயப் புடிக்க இங்க யாருக்கும் தெரியல. உனக்குத் தெரியும். புடி.”

கிருஷ்ணப்பிரியா தயங்கினாள். பார்த்தசாரதியைப் பார்த்தாள். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு குனிந்தாள். “நாக்கை அழுத்தாம, தாடையை மட்டும் தூக்கிப் பிடிங்க.”

ஆனந்தன் மண்டியிட்டுப் பிடித்தார். சோடாத் தண்ணீர் ஒரு துளி வெளியே போகாமல் உள்ளே இறங்கியது. ஒரு மாடு முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. நரம்பில் மருந்து ஏற்றுகையில் மாடு உதறாமல் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தார். யாரும் அவரோடு பேசவில்லை. கூட்டம் கலையவும் இல்லை. சித்ரா தன் வீட்டுக்கு ஓடி, சமையலறையில் இருந்த ஆப்ப சோடா டப்பாவையும், போதாதென்று எதிர்க் கடையில் இருந்த பாக்கெட்டுகளையும் வாரிக்கொண்டு வந்தாள். காலையில் அவள் கையைப் பிடித்து இழுத்த பெண்தான் அதை வாங்கிக் கரைத்தாள்.

ஒருவழியாக நாலரை மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. ஏட்டு உள்ளே வந்து, “யாருப்பா அது?” என்றார்.

“செத்த நில்லுங்க நைனா” என்றாள் கன்னியம்மாள்.

ஆனந்தன் செவலையின் இடது விலாவுக்குப் பின்னாலிருந்த குழியில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமென்று ஆக்னஸ் எண்ணவில்லை. ஜீப்பின் என்ஜினைக்கூட டிரைவர் அணைத்துவிட்டான்.

“ஓடுது” என்றார் ஆனந்தன், மெல்ல.

யாரும் நம்பத் தயாராக இல்லை. கிருஷ்ணப்பிரியா ஸ்டெதாஸ்கோப்பை அதே இடத்தில் வைத்தாள். ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகு காதிலிருந்து கழற்றிக் கன்னியம்மாளின் காதில் மாட்டிவிட்டாள்.

“வயிறு மறுபடி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு. கேளுங்க.”

கன்னியம்மாள் குனிந்து நின்று கேட்டாள். அவள் வாய் லேசாகத் திறந்துகொண்டது. “தூரத்துல இடி இடிக்கிற மாரி கீது” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

ஆனந்தன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காதிலிருந்த குழாயைக் கழற்றாமல், செவலையின் முதுகில் கை வைத்தபடியே ஏட்டிடம் சொன்னாள்:

“இட்டுகினு போங்க.”